ஆங்கிலம் கற்பிக்கக் கடல் கடந்தவர்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் படித்து, எம்.ஏ., பி.எட். முடித்து, எட்டு ஆண்டுகளாகப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் மாணவி ஒருவர் சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். கிழக்காசிய நாடு ஒன்றில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு முயன்றிருக்கிறார். இடையில் இருந்த முகவர், "உங்கள் ஆங்கிலத்தில் குறையில்லை. ஆனால் அவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்தான் வேண்டும். பெயரைச் சுருக்கிக்கொண்டு, சின்ன வயதில் வெளிநாட்டில் வளர்ந்ததாகச் சொல்லுங்கள்" என்றாராம். "அப்படிச் சொல்லலாமா சார்?" என்று கேட்டிருந்தார்.

கூடாது என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் கையில் வேலை இல்லாமல் காத்திருப்பவரிடம் அறிவுரை மட்டும் சொன்னால் அது எடுபடாது. அதனால் ஆசியாவில் ஆங்கிலம் கற்பித்த மூன்று பேரின் கதையைச் சொல்கிறேன். மூவரும் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள்.

முதலாமவர் ரானால்ட் மக்டொனால்ட். பர்கர் கடைக் கோமாளி நினைவுக்கு வந்து சிரிக்காதீர்கள், இவர் வேறு. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், இன்றைய ஆரிகன் மாநிலத்தில் 1824-இல் பிறந்தவர். தந்தை ஸ்காட்லாந்துக்காரர், ஹட்சன் பே கம்பெனி அலுவலர். தாய் சினூக் என்ற பழங்குடித் தலைவரின் மகள்.

அந்நாளைய ஜப்பான் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பியரில் டச்சுக்காரரை மட்டுமே நாகசாகித் துறைமுகத்தில் வணிகம் செய்ய விட்டிருந்தது. மற்ற வெள்ளையர் கரையேறினால் சிறைதான். 1808-இல் ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்று நாகசாகிக்குள் புகுந்து மிரட்டிய பிறகு, மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலமும் கற்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு டச்சுக்காரர். எழுத்து வந்தது, உச்சரிப்பு டச்சு வாடையில் வந்தது.

1848-இல் திமிங்கில வேட்டைக் கப்பலில் வந்த மக்டொனால்ட், ஜப்பானின் வடகோடிக்கு அருகே ஒரு சிறு படகில் இறங்கி, கப்பல் உடைந்து ஒதுங்கியவன் போலக் கரை சேர்ந்தார். எதிர்பார்த்தபடியே பிடித்து நாகசாகிக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அந்தச் சிறையே வகுப்பறை ஆனது. பதினான்கு மொழிபெயர்ப்பாளர்கள் வந்து தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து ஆங்கிலம் வாசிப்பார்கள். இவர் உள்ளேயிருந்து உச்சரிப்பைத் திருத்துவார். எந்த ஒலி அவர்கள் நாவில் வரவில்லை என்பதைக் கவனித்து வைத்தார். தானும் ஜப்பானியச் சொற்களை அவர்களிடம் கேட்டு ஒரு பட்டியல் எழுதினார். சுமார் ஏழு மாதம் இப்படி நடந்தது. 1849-இல் அமெரிக்கக் கப்பல் ஒன்று வந்து அவரை மீட்டுப் போனது.

ஐந்து ஆண்டு கழித்து, 1854-இல், அமெரிக்கத் தளபதி பெர்ரி போர்க்கப்பல்களோடு வந்து ஒப்பந்தம் பேசினார். ஜப்பான் தரப்பில் மொழிபெயர்த்தவர்களில் முதன்மையானவர் மோரியாமா எய்னோசுகே. அவருடைய ஆங்கிலத்தை அமெரிக்கர்கள் மெச்சி எழுதிவைத்தார்கள். அவர் அந்தச் சிறைத் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்த பதினால்வரில் ஒருவர்.

மக்டொனால்ட் 1894-இல் காலமானார். அவருடைய நினைவுக் குறிப்பு 1923-இல்தான் நூலாக வந்தது. இன்று ஜப்பானில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசிக் கற்பித்த முதல் ஆசிரியர் என்று அவருக்கு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். அந்த முதல் ஆசிரியர் சினூக் தாய்க்குப் பிறந்தவர்.

இரண்டாமவர் அன்னா லியோனோவென்ஸ். பெயர் தெரியாவிட்டாலும், சயாம் அரசரின் அரண்மனையில் பாடம் சொன்ன ஆங்கிலப் பெண்ணின் கதையாக 1956-இல் ஹாலிவுட்டில் வந்த படத்தை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருக்கலாம். அந்தக் கதைக்கு மூலம் இவர் எழுதிய நூல்களே.

தான் வேல்ஸில் பிறந்தவள், ராணுவக் கேப்டனின் மகள், கணவரும் ராணுவ அதிகாரி என்றுதான் அன்னா சொல்லிவந்தார். இறந்து அறுபது ஆண்டுக்குப் பிறகு, 1970-களில் ஆவணங்களைத் தேடியபோது உண்மை வெளிவந்தது. அவர் 1831-இல் நம் மகாராஷ்டிரத்தின் அகமத்நகரில் பிறந்தவர். தந்தை கம்பெனிப் படையில் சார்ஜென்ட். தாய்வழிப் பாட்டி இந்தியராகவோ ஆங்கிலோ-இந்தியராகவோ இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கணவர் குமாஸ்தா வேலை பார்த்தவர், பிறகு பினாங்கில் ஓட்டல் நடத்தினார். அங்கேயே 1859-இல் இறந்துபோனார்.

இரண்டு குழந்தைகளோடு கைம்பெண்ணாகச் சிங்கப்பூருக்கு வந்த அன்னா, சின்னப் பள்ளிக்கூடம் நடத்திப் பிழைத்தார். 1862-இல் சயாமின் மங்குட் அரசர் தம் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேடினார். மதப் பிரசாரம் வேண்டாம், மொழியும் கல்வியும் போதும் என்பது அவர் நிபந்தனை. அன்னா ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே பாடம் நடத்தினார். அவரிடம் படித்த இளவரசர் சுலாலங்கோர்ன் 1868-இல் அரசரானார். படிப்படியாக அடிமை முறையை ஒழித்தவர் அவர். அதற்கெல்லாம் அன்னாதான் காரணம் என்பது மிகை. ஆனால் 1897-இல் லண்டன் போனபோது அந்த அரசர் தம் பழைய ஆசிரியையைச் சந்தித்தார். அந்த ஒரு சந்திப்பின் மதிப்பு நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பொய் சொன்னதால் அவருக்கு என்ன கிடைத்தது? வேலை கிடைத்தது, பிறகு புகழும் கிடைத்தது. மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் வெள்ளையர் சமூகம் கலப்பினப் பெண்ணை நடத்திய விதத்தை நினைத்தால், அவர்மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. ஆனால் கொடுத்த விலையைப் பாருங்கள். இந்தியாவில் இருந்த சொந்த அக்காவின் குடும்பத்தோடு உறவையே அறுத்துக்கொண்டார். அந்த அக்காவின் பேரன்தான் பிராங்கன்ஸ்டைன் படத்தில் நடித்த போரிஸ் கார்லாஃப். இந்த உறவு வெளியே தெரியாமலே அன்னா 1915-இல் கண்மூடினார். அரண்மனையில் அவர் நடத்திய பாடம் உண்மையானது. அதற்கு வேல்ஸும் வேண்டியிருக்கவில்லை, கேப்டன் தந்தையும் வேண்டியிருக்கவில்லை. அகமத்நகர்ப் பெண்ணின் ஆங்கிலமே போதுமானதாக இருந்தது.

மூன்றாமவர் லாஃப்காடியோ ஹெர்ன். 1850-இல் கிரேக்கத் தீவான லெஃப்காடாவில் பிறந்தார். தாய் கிரேக்கர், தந்தை அயர்லாந்துக்காரரான ராணுவ மருத்துவர். வளர்ந்தது டப்ளினில். பள்ளி விளையாட்டில் இடக்கண் போனது. அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்துவிட்டு, 1890-இல் ஜப்பான் போய் மாட்சுவே என்ற ஊரில் ஆங்கில ஆசிரியரானார். அந்நாளில் அங்கே வெளிநாட்டு ஆசிரியருக்கு உள்ளூர் ஆசிரியரைவிடப் பல மடங்கு சம்பளம்.

ஹெர்ன் தம் மாணவர்களுக்கு அவர்கள் ஊர் வழக்கங்களையே தலைப்பாகக் கொடுத்து ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னார். அவர்கள் எழுதியதில் சிலவற்றைத் தம் நூலில் அப்படியே சேர்த்தார். நோயில் இறந்துபோன மாணவர்களைப் பற்றியும் அதில் எழுதினார். ஜப்பானியப் பெண்ணை மணந்து, மனைவி மக்களின் சட்ட உரிமைக்காக 1896-இல் ஜப்பானியக் குடிமகனாகி, கொய்சுமி யகுமோ என்று பெயர் வைத்துக்கொண்டார். பெயரை மாற்றியவர்தான், ஆனால் எதையும் மறைக்க அல்ல.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1903 வரை ஆங்கில இலக்கியம் நடத்தினார். அவரை விலக்கியபோது மாணவர்கள் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு அவர் இறந்தார். வகுப்பில் பேசியதை அவர் எழுதிவைக்கவில்லை. மாணவர்கள் எடுத்த குறிப்புகளிலிருந்துதான் அந்த விரிவுரைகள் பின்னர் நூல்களாக வந்தன.

அவர் இடத்தில் ஆங்கிலம் நடத்த வந்தவர் யார் தெரியுமா? நட்சுமே சோசெகி. ஆங்கிலத்தைப் புத்தகத்தில் படித்து, இரண்டாண்டு லண்டனில் இருந்துவிட்டுத் திரும்பிய ஜப்பானியர். பிற்காலத்தில் பெரிய நாவலாசிரியர். 1984-இல் வந்த ஆயிரம் யென் நோட்டில் இருந்தது அவர் முகம்தான்.

இன்றைய நிலைக்கு வருவோம். 1987-இல் ஜப்பான் தன் பள்ளிகளுக்கு வெளிநாட்டு இளைஞர்களை அழைக்கும் ஜெட் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டு வந்த 848 பேரும் நான்கே நாடுகளைச் சேர்ந்தவர்கள்: அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. தென் கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசாவுக்குப் பொதுவாக ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்தான் செல்லும். 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தம், ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்களுக்கு அந்தக் கதவை ஓரளவு திறந்தது. ஆக, பாஸ்போர்ட்டைப் பார்க்கும் விதி உண்மையில் இருக்கிறது. அது அநியாயம் என்பது என் கருத்து. ஆனால் அது ஒரு நாட்டின் சட்டம், உங்கள் திறமைக்குப் போட்ட மதிப்பெண் அல்ல.

அதனால் மகளே, பெயரைச் சுருக்க வேண்டாம். கற்பனைப் பிறந்த ஊரும் வேண்டாம். இன்று ஆவணம் தேட அறுபது ஆண்டு ஆகாது, ஆறு நிமிடம் போதும். விசா போய்விட்டால் வேலையும் போகும், முகவர் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

உங்களிடம் இருக்கும் சரக்கைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்றவருக்குத்தான் அது எந்த இடத்தில் இடறும் என்று தெரியும். நம் பிள்ளைகள் ஏன் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்கிறார்கள் என்பது லண்டனில் பிறந்தவருக்குப் புதிர், நமக்கு அது சொந்த அனுபவம். எட்டு ஆண்டு வகுப்பறை அனுபவம், பி.எட். சான்று, அதோடு அயல்மொழியாக ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சிச் சான்று ஒன்று. இவற்றோடு, இந்தியரை ஏற்கும் நாட்டின் விதியைத் தூதரகத்தின் பக்கத்திலேயே படித்துவிட்டு நேராக விண்ணப்பியுங்கள். போகும் நாட்டின் மொழியில் நூறு சொல்லாவது கற்றுக்கொண்டு விமானம் ஏறுங்கள். மக்டொனால்ட் சிறைக்குள் இருந்துகொண்டே செய்த வேலை அது.

வெளிநாட்டில் பாடம் நடத்தும் நம் பிள்ளைகள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிப்பது எனக்குத் தெரியும். எந்த நாட்டில் என்ன தகுதி கேட்டார்கள், முதல் ஆண்டு எப்படி இருந்தது என்று கீழே நாலு வரி எழுதுங்கள். காத்திருக்கும் ஒருவருக்கு அது பயன்படும்.

அன்புடன்,
உங்கள் ஆங்கில வாத்தியார்