40 குதிரை வலுவும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும்

யாழ்ப்பாணத்தில் ஒரு காலம் "கார் பிடிச்சுக்கொண்டு வா" என்றால் வருவது பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40ஆகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், இல்லாவிட்டால் மொறிஸ் மைனர். கல்யாணம், ஆஸ்பத்திரி, மையித்து வீடு எல்லாவற்றுக்கும் அதுதான். 1960களிலும் 70களின் முற்பாதியிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி ஒடுங்கிப்போனது. அதனால் 1950களில் கப்பலில் வந்திறங்கிய இங்கிலாந்துக் கார்களே தலைமுறை தாண்டி ஓட வேண்டியிருந்தது. 1977க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்தன. என்றாலும் குடாநாட்டின் வாடகைக் கார்க்காரர்கள் ஏ40ஐ விடவில்லை.

அந்தப் பெயரில் உள்ள 40 என்ன? அதுதான் அதன் குதிரை வலு. 1947இல் பேர்மிங்காமுக்குப் பக்கத்தில் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் இருந்து வந்த ஏ40 டெவனில் 1,200 சிசி எஞ்சின். நிமிடத்துக்கு 4,300 சுற்றுச் சுற்றினால்தான் அந்த நாற்பதும் கிடைக்கும். இன்றைக்குச் சில மோட்டார் சைக்கிள்களே அதைவிடக் கூடத் தருகின்றன. அந்த நாற்பதை வைத்துக்கொண்டு ஓட்டுநரோடு எட்டுப் பேர், மேலே கரியரில் இரண்டு மூட்டை என்று ஓடியிருக்கிறார்கள்.

போன கிழமை பழைய மாணவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விதான் இவ்வளவையும் எழுத வைத்தது. அவர் குடும்பத்தில் இருப்பது ஒரேயொரு கார், லீசிங்கில் எடுத்தது. ஹோண்டா சிவிக், 1.0 லீற்றர் டேர்போ. "சேர், கொழும்பில குடுத்து ரியூன் பண்ணி, பெரிய டேர்போ ஒண்டும் போட்டா இன்னும் ஐம்பது குதிரை கூடும் எண்டு சொல்லுறாங்கள். செய்யட்டோ?" நான் மெக்கானிக் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். ஆனால் இந்தக் கேள்விக்கு வரலாற்றிலும் மறுமொழி இருக்கிறது. அதில் முக்கியமான ஒரு பகுதி எங்கள் ஊரிலேயே நடந்தது.

1990 நடுப்பகுதியில் போர் மறுபடி தொடங்க, ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, சீமெந்து என்று தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு விளக்கு எரித்த காலம் அது. சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலிச் செய்தி கேட்டார்கள். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்தக் கதை எனக்குக் கேள்விஞானம். 1990 ஒக்டோபர் 30இல் எங்கள் ஆட்களை ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள். சோனகத் தெரு வெறிச்சோடிக் கிடந்தபோது எங்கள் குடும்பங்கள் புத்தளத்துக் கொட்டில்களில் இருந்தன. மண்ணெண்ணெய்க் கார் எங்களுக்கு அயலவரின் ஞாபகம். திரும்பி வந்த பிறகு, கோப்பாயில் கலாசாலை நாட்களில், கூடப் படித்தவர்களின் தகப்பன்மாரிடமும் கராஜ்களில் இருந்த வயதானவர்களிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது இது.

பெற்றோல் இல்லாத அந்த ஊரில் கார் எப்படி ஓடியது? ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொன்போல வைத்திருப்பார்கள். காபரேற்றருக்குள் அதில் கொஞ்சம் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் அதே வித்தைதான். பின்னால் புகை, மணம், ஏறும்போது இழுவைக் குறைவு. ஆனால் ஓடியது. கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்குப் போனதும், கிளாலிக் கரைக்குச் சனம் போனதும் இப்படியான வாகனங்களில்தான்.

இதற்குள் இருக்கும் விஞ்ஞானத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டேர்போக் கதையின் சாவியும் அதுதான்.

சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை பிஸ்டன் அமுக்கும். பிறகு பிளக் பொறி கொடுக்கும். அமுக்கத்திலும் சூட்டிலும் கலவை, பொறியின் சுவாலை வந்து சேர முன்னமே தானாக வெடித்தால் எஞ்சின் "டக் டக்" என்று தட்டும். அதைத்தான் நொக் என்கிறோம். அது தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். அமுக்கத்தைத் தாங்கும் தன்மைக்கு வைத்த எண்தான் ஒக்ரேன், பெற்றோல் நிலையத்தில் நீங்கள் பார்க்கும் 92, 95. மண்ணெண்ணெய்க்கு அதில் பாதிகூட இல்லை.

பிறகு எப்படி ஏ40 அதைத் தாங்கியது? அதன் அமுக்க விகிதம் 7.2 மட்டும். அது ஏன் அவ்வளவு குறைவு என்பதிலும் ஒரு போர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதில் இருந்து 1953 வரை இங்கிலாந்தில் எல்லா நிறுவனங்களின் பெற்றோலையும் ஒன்றாக்கி, "பூல் பெற்றோல்" என்று ஒரே மட்டமான எண்ணெயைத்தான் விற்றார்கள். அதன் ஒக்ரேன் 70 அளவு. அந்த மட்டமான எண்ணெயில் ஓட வேண்டும் என்றே அக்காலத்து எஞ்சின்களைச் செய்தார்கள். ஒரு போரின் தட்டுப்பாட்டுக்குப் பழகிய எஞ்சின், நாற்பது வருடத்துக்குப் பிறகு இன்னொரு போரின் தட்டுப்பாட்டுக்கு இங்கே கைகொடுத்தது.

இங்கிலாந்துக் கமக்காரர்கள் இதை முன்னமே செய்திருந்தார்கள். பெர்கசன் உழவு இயந்திரத்தில் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய எண்ணெயில் ஓடும் வகை ஒன்று 1949இல் வந்தது. பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து சூடானதும் மாற்ற வேண்டும். அமுக்கம் பெற்றோல் வகையைவிடக் குறைவு, வலுவும் குறைவு. மலிவான எண்ணெயில் நாள் முழுக்க உழலாம் என்பதற்காக அந்தக் குறைவை ஏற்றுக்கொண்டார்கள். எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கும் என்பதால் அடிக்கடி ஒயில் மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் கராஜ்க்காரர்களுக்கும் அதே தலையிடி. பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது, பிளக்கைக் கழற்றிக் கழற்றித் துடைப்பது எல்லாம் அன்றாட வேலை. ஏ40 தன்னுடைய நாற்பதில் கொஞ்சத்தை இழந்தது. அதற்கு மாற்றாக ஊருக்கு ஓட்டம் கிடைத்தது.

இனி டேர்போ. வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தால் ஒரு சில்லைச் சுற்றி, அதே அச்சில் உள்ள இன்னொரு சில்லால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்குவது. சுவிற்சர்லாந்தின் அல்பிரட் பூகி என்ற பொறியியலாளர் 1905இல் இதற்கு உரிமம் எடுத்தார். கப்பல், ரயில், லொறி டீசல் எஞ்சின்களில் அது நன்றாகப் பொருந்தியது. பெற்றோல் காரில்தான் சிக்கல். கூடுதல் காற்றை அமுக்கினால் சிலிண்டரில் அமுக்கம் ஏறும், அமுக்கம் ஏறினால் நொக். அதே பழைய எதிரி.

1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர் என்ற டேர்போக் கார் வந்தது. நொக்கைத் தடுக்கத் தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தாங்கியில் ஊற்ற வேண்டும். நிறையப் பேர் அதை நிரப்ப மறந்தார்கள். முடிந்ததும் காரின் உசார் போய்விடும். கடைசியில் பல கார்களில் டேர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண காபரேற்றரே போட்டுக் கொடுத்தார்கள். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது, மனிசருடைய அன்றாடப் பழக்கத்தைத்தான் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

1973இல் பிஎம்டபிள்யூ 2002 டேர்போ. 170 குதிரை வலு. பெடலை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று எல்லாம் ஒன்றாக வரும். வளைவின் நடுவில் அது வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் வாசிக்கட்டும் என்று "டேர்போ" என்ற சொல்லைத் தலைகீழாக எழுதிய ஸ்ரிக்கரும் அதில் வந்தது. (இந்தப் பெருமை இன்றைக்கும் ஸ்ரான்லி வீதியில் காணக் கிடைக்கிறது.) அந்த வருடமே எண்ணெய் நெருக்கடி வந்தது. 1,672 கார்களோடு உற்பத்தி நின்றது.

எனக்குப் பிடித்தது சுவீடனின் சாப் செய்தது. சின்ன நிறுவனம், புது எஞ்சின் உருவாக்கக் காசில்லை. இருந்த 2 லீற்றர் எஞ்சினுக்கு டேர்போ போட்டார்கள். மற்றவர்கள் உச்ச வலுவுக்காகப் பெரிய டேர்போவைத் தேடினார்கள். பேர் கில்பிராண்ட் என்ற பொறியியலாளரின் குழு வேண்டுமென்றே சின்னதைத் தேர்ந்தது. சின்னச் சில்லுக்கு எடை குறைவு, குறைந்த சுற்றிலேயே சுழன்றுவிடும். மிஞ்சிய புகையை வெளியே விட ஒரு வாயில் வைத்தார்கள். 1977இல் பிராங்க்பேட் கண்காட்சியில் காட்டிய சாப் 99 டேர்போவின் வலு 145 மட்டுமே. ஆனால் அது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பனியில் கடைக்கும் போகக்கூடிய கார். 1980களின் தொடக்கத்தில் இன்னொரு படி போனார்கள். எஞ்சின் நொக் சத்தத்தைத் தானே "கேட்டு" டேர்போ அமுக்கத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு. எண்ணெய் மட்டமாக இருந்தால் வலுவைக் குறைத்துக்கொண்டு ஓடும். இங்கே கராஜ்க்காரர் காதைத் தீட்டிக்கொண்டு பொறியின் நேரத்தைத் திருப்பினாரே, அதே வேலையை அங்கே மின்னணு செய்தது. இன்றைய டேர்போக் கார்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

அதே காலத்தில் போர்முலா 1 எதிர்ப்பக்கம் ஓடியது. 1986இல் 1.5 லீற்றர் எஞ்சினில் ஆயிரம் குதிரை வலுவுக்கு மேல் எடுத்தார்கள், தகுதிச் சுற்றின் சில வட்டங்களுக்கு மட்டும். அதோடு அந்த எஞ்சினின் சீவியம் முடிந்தது. 1989இல் டேர்போவையே தடை செய்தார்கள்.

இப்போது மாணவரின் காருக்கு வருவோம். 1,000 சிசிக்குக் குறைந்தால் வரி குறைவு என்பதால்தான் அந்தக் கார் இவ்வளவு இங்கே வந்தது. அதன் உச்ச வலு ஏறத்தாழ 129, அது 5,500 சுற்றில். ஆனால் முறுக்குவிசை 180 நியூட்டன் மீற்றர், அது 1,700 சுற்றிலேயே முழுதாக வந்துவிடும். முறுக்குவிசையைச் சுற்றால் பெருக்கி 9,549ஆல் பிரித்தால் கிலோவாற் வரும். 1,700 சுற்றுக்கு 32 கிலோவாற், அதாவது 43 குதிரை. ஏ40 கத்திக் குளறி 4,300 சுற்றில் கொடுத்த மொத்த வலுவைவிடக் கொஞ்சம் கூட, இந்தக் கார் மூச்சு வாங்காமல், ரேடியோச் சத்தம் கேட்கும் அமைதியில் கொடுக்கிறது. பலாலி வீதியிலும் கே.கே.எஸ். வீதியிலும் நீங்கள் பாவிப்பது இந்த 43ஐத்தான். 129ஐ ஒரு நாளும் கண்டிருக்க மாட்டீர்கள்.

பெரிய டேர்போ போட்டால் உச்சம் கூடும், உண்மைதான். ஆனால் அதன் சில்லு பாரம். அதைச் சுற்றப் போதுமான புகை 3,000 சுற்றுக்கு மேலேதான் வரும். அதற்குக் கீழே, அதாவது சந்திக்குச் சந்தி, சைக்கிளுக்கும் மாட்டுக்கும் நின்று நின்று போகும் எங்கள் ஓட்டம் முழுவதிலும், கார் இப்போதைவிடச் சோம்பலாகும். கேரதீவு வீதி தொடங்கிப் பண்ணைப் பாலம் வரை எங்களிடம் ஒரு மலை கிடையாது. சட்ட வேகம் ஊருக்குள் 50, வெளியே 70. கூடிய 50 குதிரையை எங்கே கட்டி வைப்பது? போதாததற்கு அந்தக் காரின் சிவிரி கியர்ப்பெட்டி குறிப்பிட்ட அளவு முறுக்குவிசைக்கே செய்யப்பட்டது. மாற்றிய எஞ்சின் 95ஐக் கேட்கும். 2022 யூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான், கிடைத்த எண்ணெயைத்தான் அடித்தோம். 1990இல் ஏ40 மண்ணெண்ணெயில் ஓடியது. இந்த எஞ்சினுக்கு அதை விட்டால் அன்றைக்கே முடிந்துவிடும்.

2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் காருக்குத் திறந்தது. திறந்தும் விலை ஆருக்கு எட்டுகிறது? எஞ்சின் போனால் மாற்று எஞ்சினும் லீசிங் தவணையும் ஒன்றாக வீட்டு வாசலில் நிற்கும். அந்த வீட்டில் உம்மாவுக்குக் கிழமைக்கு ஒருமுறை கிளினிக்.

ஆகவே அவருக்கு நான் சொன்னது: பெரிய டேர்போ வேண்டாம். ஆசை தாங்காவிட்டால் இருக்கும் டேர்போவிலேயே, 92 எண்ணெய்க்கு ஏற்ற மாதிரி, 2,000க்கும் 4,000க்கும் இடையில் மட்டும் கொஞ்சம் திருத்தும் ரியூன். உச்ச எண்ணைக் காட்டி விற்கிறவரிடம் கீழ்ச் சுற்றின் வளைகோட்டையும் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள். அதற்கு முதல் ரயர், பிரேக், குளிர்விக்கும் தண்ணி, நேரத்துக்கு ஒயில். மிச்சக் காசைத் தவணைக்குக் கட்டுங்கள். முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனார், ஆனால் கார் இன்னும் கொழும்புக்குப் போகவில்லை.

90களில் மண்ணெண்ணெயில் கார் ஓடியவர்கள், திருத்தியவர்கள் இதை வாசித்தால் எனக்கு ஒரு விசயம் சொல்லுங்கள். அமுக்கத்தைக் குறைக்க சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே இரண்டு கஸ்கெற் போட்டார்களா, அல்லது கஸ்கெற்றையே தடிப்பாக வெட்டினார்களா? ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் மற்றதைச் சொல்கிறார். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் செயற்திட்டமாக இதைக் கொடுத்திருக்கிறேன். பழைய கஸ்கெற் ஒன்று யாரிடமாவது கராஜ் மூலையில் கிடந்தால், இரண்டு நாளைக்கு இரவல் தாருங்கள்.