ஊசியும் நூலும் நம்மிடம் வந்த வழி

யோப்பா பட்டணத்தில் தபித்தா என்றொரு பெண் சீடர் வாழ்ந்தார். அவர் இறந்தபோது புனித பேதுரு அங்கே அழைக்கப்பட்டார். வீட்டுக்குள் நுழைந்த திருத்தூதரைச் சூழ்ந்துகொண்டு அழுத கைம்பெண்கள் அவருக்கு எதைக் காட்டினார்கள்? தபித்தா தைத்துக் கொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் காட்டினார்கள். திருத்தூதர் பணிகள் 9ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம். திருச்சபையின் முதல் ஏடுகளிலேயே தையல் வேலை இடம்பெற்றுவிட்டது. கூடாரத் துணி தைத்துப் பிழைத்த புனித பவுலையும், அவரோடு அதே தொழில் செய்த அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரையும் நாம் அறிவோம். 1197இல் இறந்த கிரெமோனா நகரத்துத் துணி வணிகர் ஓமோபோனுஸ் இரண்டே ஆண்டுகளில் புனிதராக உயர்த்தப்பட்டார். தையற்காரர்களின் பாதுகாவலர் அவரே.

பங்கின் வளர்ச்சியும், பணியாற்றிய குருக்களின் வரிசையும், கட்டடங்களின் கதையும் இம்மலரின் மற்றப் பக்கங்களுக்கு உரியவை. பீடத்துணியைத் தைத்தவர், திருவிழாக் கொடிக்கு ஓரம் மடித்தவர், புதுநன்மைப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்தவர் ஆகியோரின் பெயர்களை எந்தப் பதிவேட்டிலும் எழுதி வைப்பதில்லை. ஆகவே தையலின் வரலாற்றை எழுத எடுத்துக்கொண்டேன்.

நம் நாடு நெசவின் நாடு. தைத்த உடையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். கஞ்சுகம் என்ற சொல் பழைய நூல்களிலேயே உண்டு. ஆயினும் பெரும்பாலான மக்கள் தறியிலிருந்து இறங்கிய துணியை அப்படியே உடுத்தினர். துணியை வாங்க வெளிநாட்டார் இக்கரைக்கே வந்தார்கள். 1720களில் பிளாண்டர்ஸ் நாட்டு ஒஸ்டெண்ட் கம்பெனியார் நம் அண்டை ஊராகிய கோவளத்தில் பண்டகசாலை வைத்துப் பருத்தித் துணி கொள்முதல் செய்தனர். 1722இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் கொடுத்த பட்டயம் 1727இலேயே நிறுத்தி வைக்கப்பட்டதால் அக்கம்பெனி நிலைக்கவில்லை. அந்த பிளாண்டர்ஸ் பெயரை மட்டும் நினைவில் வைத்திருங்கள். பின்னால் மீண்டும் வரும்.

தையலும் பூவேலையும் லேஸ் பின்னலும் தென்தமிழகத்தில் ஏழைப் பெண்களின் பிழைப்பாக மாறியதற்கு மறைபரப்புப் பணியாளரே பெரும் காரணம். இதில் முதல் வரிசையில் நிற்பவர்கள் நம் பிரிந்த சகோதரர்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1821இல் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அக்காலத்தில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அடிமைகளாகப் பிறந்த பெண்கள் சிலர், லேஸ் பின்னி ஈட்டிய கூலியைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கினார்கள். கைவேலை என்றால் பொழுதுபோக்கு என்று நினைப்போர் இந்த ஒரு செய்தியைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

அதே நாட்டில், அதே காலத்தில், ஒரு சட்டை தைப்பதே போராட்டமாகவும் இருந்தது. நாடார் குலப் பெண்களும் அவர்களைப் போல் தாழ்த்தப்பட்ட பிற பெண்களும் மார்பை மறைத்து உடுத்தலாகாது என்பது அங்கு வழக்கம். மறையைத் தழுவிய பெண்களுக்காகத் தளர்வான குப்பாயம் ஒன்று தைத்துக் கொடுக்கப்பட்டது. அதை அணிந்து சந்தைக்குப் போன பெண்களின் உடை கிழிக்கப்பட்டது. 1822 தொடங்கி மீண்டும் மீண்டும் கலகம் மூண்டது. 1859 ஜூலை 26ஆம் நாள் மன்னர் உத்திரம் திருநாள் வெளியிட்ட பிரகடனம் ஒருவாறு வழிவிட்டது. அப்போதும் உயர்குலப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்ற நிபந்தனை இருந்தது! நாலு கெஜம் துணி, ஓர் ஊசி, கொஞ்சம் நூல். இவற்றைக் கொண்டு தைத்த ஒரு சட்டைக்காக முப்பத்தேழு ஆண்டுகள் அடிபட்டிருக்கிறார்கள். இன்று நம் பெண்கள் அளவு கொடுத்து, கழுத்துக்கு இந்தப் பூ வேண்டும், கைக்கு அந்த மணி வேண்டும் என்று ரவிக்கை தைத்துக்கொள்கிறார்களே, அந்த ரவிக்கைக்குப் பின்னால் இத்தனை கண்ணீர் உண்டு.

நம் கன்னியர்களின் பணியும் குறைந்ததன்று. 1897 நவம்பரில் பெல்ஜியம் நாட்டு அன்னை மரிய லூயிஸ் டி மீஸ்டர் முளகுமூட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்த அநாதைப் பிள்ளைகளை வளர்க்கவே அவர் அழைக்கப்பட்டார். அவர் வந்தது ஈப்ர் நகர மடத்திலிருந்து. அதாவது பிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து! கோவளத்தில் துணி வாங்கிய ஒஸ்டெண்ட் வணிகர்களின் ஊரும் அந்தச் சீமையிலேதான் இருக்கிறது. அவர்கள் நம் நெசவாளரின் துணியைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து அதே நாட்டுக் கன்னியர் வந்து, உலகப் புகழ்பெற்ற தங்கள் லேஸ் பின்னலையும் பூவேலையையும் நம் பெண்களின் கையில் கொடுத்தார்கள். கடன் தீர்ந்தது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1877இல் உதகையில் அருளாளர் மரியின் பாடுகள் அன்னை தொடங்கிய மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புக் கன்னியரும் தாங்கள் போன இடங்களில் எல்லாம் பூவேலைக் கூடங்கள் நடத்தினார்கள்.

இனி மெஷின் கதைக்கு வருவோம். தையல் மெஷினைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் சிங்கர் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அவருக்கு முன்னே பிரான்ஸ் நாட்டில் பார்த்தலமி திமோனியே என்ற ஏழைத் தையற்காரர் இருந்தார். சிறிது காலம் லியோன் நகரத்துக் குருமடத்திலும் படித்தவர். குருவாகவில்லை, ஆகியிருந்தால் நமக்கு மெஷின் கிடைத்திருக்குமோ என்னவோ! அவர் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் துணியை வட்டச் சட்டத்தில் இறுக்கி, கொக்கி முனையுள்ள ஊசியால் நூலை இழுத்து இழுத்துச் சங்கிலித் தையல் போட்டுப் பூவேலை செய்வார்கள். அந்தக் கொக்கி ஊசியை இயந்திரத்தில் பொருத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. 1830இல் உரிமம் பெற்றார். பாரிஸ் நகரில் எண்பது மெஷின்களை வைத்துப் படைவீரர்களுக்குச் சீருடை தைக்கலானார். தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் கூட்டமாக வந்து மெஷின்களை உடைத்தெறிந்தார்கள். 1857இல் அவர் வறுமையிலேயே கண்மூடினார்.

அவர் கண்ட அந்தக் கொக்கி ஊசி எது தெரியுமா? இன்று நம் ஊர்களில் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை என்று செய்கிறார்களே, அதே வகை ஊசி. குஜராத்தில் தோல் தைக்கும் தொழிலாளரின் கைக்கருவியிலிருந்து பிறந்தது ஆரி. அவ்வேலை கீழ்த்திசையிலிருந்துதான் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போயிற்று என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஆகவே மெஷின் தைத்துவிட்டுப் பிறகு பூவேலைக்கு வந்தது என்று எண்ணுவது சரியன்று. பூவேலை ஊசியிலிருந்துதான் மெஷின் பிறந்தது.

பின்னர் அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் உரிமம் பெற்றனர். மேல்நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் தையல் அதன்பின் நிலைபெற்றது. சிங்கர் கம்பெனி 1856இல் தவணை முறையில் விற்பனையைத் தொடங்கியது. ஏழை வீட்டு வாசலுக்கு மெஷினைக் கொண்டு வந்தது இரும்பைவிட இந்தத் தவணையே எனலாம். இயந்திரங்களை ஐயத்தோடு பார்த்த காந்தியடிகளும் 1924இல் தம்மைக் கேட்ட இளைஞர் ஒருவரிடம், சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று கூறினார். மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைக் கண்டு பொறுக்காத அன்பில் பிறந்தது அது என்பது அவர் சொன்ன காரணம். 1930களில் கல்கத்தாவில் ஜே இன்ஜினியரிங் தொழிற்சாலையார் உஷா மெஷினைச் செய்யத் தொடங்கிய பின் அயல்நாட்டுச் சரக்கை மட்டும் நம்பியிருக்கும் நிலை மாறியது. பெண் கல்யாணமாகிப் போகும்போது சீரோடு ஒரு மெஷினும் போவது நம் குடும்பங்களில் வழக்கமாயிற்று.

சாதாரணக் கால் மெஷினிலேயே பூவேலை செய்யலாம் என்பது இளம்பெண்கள் பலருக்குத் தெரிவதில்லை. அதற்கென்று விலை உயர்ந்த மெஷின் வேண்டியதில்லை. பிரஷர் ஃபுட்டைக் கழற்றிவிட வேண்டும். துணியைத் தள்ளும் பற்களை இறக்க வேண்டும், அல்லது தகட்டால் மூட வேண்டும். துணியை வட்டப் பிரேமில் முரசுபோல் இறுக்கி, துணி மெஷின் பலகையில் படியும்படி வைக்க வேண்டும். மேல்நூலின் டென்ஷனைச் சற்றே தளர்த்தினால் அடிநூல் மேலே தெரியாது. ஃபுட் இல்லையே என்று அதன் நெம்புகோலை இறக்காமல் விட்டால் நூல் அடியில் சிக்கிக் கூடுகட்டிவிடும். புதிதாகக் கற்பவர்கள் அனைவரும் ஒருமுறையாவது இப்படிச் சிக்கிக்கொள்வார்கள். அதன்பின் எல்லாம் கையின் வேலை. எழுதும்போது தாள் நிற்கப் பேனா நகர்கிறது. இங்கே பேனா நிற்கத் தாள் நகர்கிறது. கால் சீராக மிதிக்க, இரண்டு கைகளும் பிரேமை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்த, காம்பும் இலையும் இதழும் தோன்றும். இந்நாளில் கணினி மெஷின் தானாகவே நிமிடத்தில் நூற்றுக்கணக்கான தையல் போடுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரே பூவை ஆயிரம் தடவை போடும். கால் மெஷினில் ஒரு பூவைப்போல் மறுபூ இராது.

ஆலயத்துக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி இவ்விதம் வீட்டிலேயே செய்யத்தக்கது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், உடைகளும் அணிகளும் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகை நாட வேண்டுமென்று கூறுகிறது. முன்னும் பின்னும் பலகைபோல் விறைத்த ஜரிகை மேலுடைகளை மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். குருவானவர் இடக்கையில் தொங்கவிடும் மனிப்பிள் என்ற பட்டை 1967க்குப் பின் கட்டாயமில்லாமற் போயிற்று. 1969இல் இந்தியத் திருச்சபைக்கு உரோமை அனுமதித்த பன்னிரண்டு மாற்றங்களில் அங்கவஸ்திரமும் ஒன்று. காஞ்சிபுரம் நெசவுக்கு அருகில் இருந்துகொண்டு, பளபளக்கும் செயற்கை இழைத் துணியில் கடையில் தைத்த உடைகளை விலைப்பட்டியல் பார்த்து வரவழைப்பது எனக்கு உடன்பாடில்லை. நல்ல பருத்தியில் ஒரு கோதுமைக் கதிர், ஒரு திராட்சைக் குலை, ஒரு மீன் போதும். அப்பமும் கிண்ணமும் வைக்கும் சதுரத் துணிக்கும், கிண்ணம் துடைக்கும் துணிக்கும் ஒரு சிறு சிவப்புச் சிலுவை போதும். அடிக்கடி துவைக்க வேண்டியவை ஆதலால் சாயம் போகாத பருத்தி நூலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

நம் ஊரின் நிலைமைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் கேளம்பாக்கத்துப் பெண்களுக்கு உப்பளம் இருந்தது. கரையோரப் பெண்களுக்கு மீன் கூடை இருந்தது. இன்று பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. படிப்புள்ள பிள்ளைகள் அங்கே மேசைக்கு முன்னால் உட்காருகிறார்கள். படிப்பற்ற தாய்மார்கள் அங்கேயே தரை துடைக்கிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டு வெளியே போக முடியாதவர்களின் பாடு இன்னும் கடினம். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலோ ரவிக்கைக்கும், குழந்தைச் சட்டைக்கும், தலையணை உறைக்கும், திரைச்சீலைக்கும் ஆள் தேடுகிறார்கள். தேவைப்படுவோரும் செய்யத் தெரிந்தோரும் ஒரே ஞாயிறு திருப்பலிக்கு வருகிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாமல் வீடு திரும்புகிறார்கள். கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் அரசு இலவசத் தையல் மெஷின் தரும் திட்டம், சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் ஏற்பட்டது. அப்படி வந்த மெஷின்கள் சில வீடுகளில் பழைய சேலை போர்த்தி மூலையில் நிற்பதைக் காண்கிறேன். பயிற்சி கொடுப்பதோடு பங்கின் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் அப்படித்தான் நிற்கும். துணியும் வேலையும் தேடித் தருவதும், கூலியைப் பேசித் தருவதும் பங்கின் வேலையே. ஈட்டிய பணம் எந்தப் பெண்ணின் கையால் வந்ததோ அந்தப் பெண்ணின் கையிலேயே சேர வேண்டும். சில வீடுகளில் அது எந்தக் கடைக்குப் போகிறது என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

நம் சிறுமலர், குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தாயார் செலி அம்மையாரின் வாழ்க்கையை இல்லறத்தார் படிக்கலாம். அவர் 1853இல், திருமணத்துக்கு ஐந்தாண்டு முன்னரே, அலன்சோன் நகரில் சொந்தமாக லேஸ் தொழில் தொடங்கியவர். வேலை செய்யும் பெண்கள் அவரவர் வீட்டிலேயே ஊசி பிடிப்பார்கள். வியாழக்கிழமைதோறும் முடித்த துண்டுகளைக் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். துண்டுகளைக் கண்ணுக்குத் தெரியாதபடி இணைக்கும் கடினமான வேலையை அவரே செய்தார். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, நால்வரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்து, அதற்கிடையே இதையும் நடத்தினார். இந்த வேலை தம்மைப் படாதபாடு படுத்துவதாகத் தம் கடிதங்களில் அலுத்துக்கொள்ளவும் செய்தார். 2015 அக்டோபர் 18இல் கணவரும் மனைவியுமாக அவர்கள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்கள். கணவர் லூயி மார்ட்டின் நல்ல கடிகாரத் தொழிலாளி. 1870இல் அவர் தம் கடிகாரக் கடையைச் சகோதரி மகனுக்கு விற்றுவிட்டு, மனைவியின் லேஸ் தொழிலுக்குக் கணக்கு எழுதவும், சரக்கை எடுத்துக்கொண்டு போய் விற்று வரவும் முன்வந்தார்.