தனித்தேர்வர்

"பாப்பா எந்த ஸ்கூல்?" ஆம்பூரில் எங்களை அடிக்கடி கேட்பார்கள். வீட்டில்தான் படிக்கிறாள் என்றால் உடனே அடுத்தது: "அப்போ சர்ட்டிஃபிகேட்?"

இங்கே தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். ஒரு தோல் துண்டைக் கிராஃப் தாளில் வைத்து வரைந்து, கட்டங்களை எண்ணிக்கொண்டிருக்கும் மகளுக்கு அந்தக் கவலை இல்லை. எனக்கு உண்டு. அதனால் பழைய கதை ஒன்றைத் தேடிப் போனேன்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். அப்பா நாராயணசாமி ஐயர் விடவில்லை, வீட்டிலேயே படிக்க வைத்தார். முத்துலட்சுமி தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். எதிர்ப்பையும் மீறி மன்னர் அனுமதிக்க, ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

இதில் வீட்டுப் பாடம் பாதிதான். பள்ளிப் பதிவேட்டில் பெயர் இல்லாத பெண்ணையும் தேர்வு எழுத விட்டார்களே, அது மீதிப் பாதி. இன்று எங்களுக்கு அந்த வழி, 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கிய என்.ஐ.ஓ.எஸ். அங்கே பத்தாம் வகுப்பில் சேர 14 வயது ஆகணும். மகளுக்கு இப்போ ஏழு.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்க முடியலை. முத்துலட்சுமிக்கு வேறு வழி இல்லை. நாங்களோ பள்ளி திறந்திருக்கும்போதே வீட்டைத் தேர்ந்தெடுத்தோம். தப்பாகிப் போனால் மன்னரையோ ஊரையோ குறை சொல்ல முடியாது.