வெள்ளை ரிமோட்டுக்கு ஓர் அஞ்சலி

வீ ரிமோட் இறந்த தேதி இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. 2013 அக்டோபரில் ஜப்பானில் வீ கேம் பெட்டியின் உற்பத்தியை நின்டெண்டோ நிறுத்தியது. 2014 மே 20 அன்று அதன் இணையவழி ஆட்டச் சேவை மூடப்பட்டது. அடுத்து வந்த வீ யூவோடு ரிமோட் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 2017இல் வீ யூவின் உற்பத்தியும் நின்றது. இப்படிச் சிறுகச் சிறுகப் போன உயிர் என்பதால் ஊர்கூடி அழ ஒரு நாள் வாய்க்கவில்லை.

அது உலகுக்கு முகம் காட்டியது 2005 செப்டம்பரில், டோக்கியோ கேம் ஷோவில். நின்டெண்டோவின் தலைவர் சதோரு இவாடா மேடையில் எடுத்துக் காட்டியது ஒரு வெள்ளைக் குச்சி. அதற்கு ‘ரிமோட்’ என்றே பெயர் வைக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். டிவி ரிமோட்டை வீட்டில் எல்லோரும் கூச்சமில்லாமல் எடுப்பார்கள். பட்டன்கள் நிறைந்த கன்ட்ரோலரை நீட்டினால் பாட்டி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். அந்தக் கையை முன்னே வரவைப்பதுதான் அவர் நோக்கம். 2006 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடைகளுக்கு அது வந்தது.

இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும் எளிய பொருள். கை எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக வீசுகிறது என்று உணரும் சிறு சில்லு உள்ளே. முனையில் ஓர் அகச்சிவப்புக் கேமரா. டிவி மேல் வைக்கும் ‘சென்சார் பார்’ உண்மையில் எதையும் உணர்வதில்லை. அது வெறும் விளக்குப் பட்டை. அந்த விளக்குகளைப் பார்த்துத்தான் ரிமோட் தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டது. பட்டையை எடுத்துவிட்டு இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்தாலும் வேலை செய்தது. டென்னிஸ் ஆடும்போது பந்து மட்டையில் படும் சத்தம் ரிமோட்டில் இருந்த குட்டி ஸ்பீக்கரிலிருந்தே வரும். அடித்தது தன் கைதான் என்று மனம் நம்பிவிடும். நம்பியவர்கள் வீசிய வீச்சில் மணிக்கட்டு வார் அறுந்து ரிமோட் பறந்தது. வந்த ஒரு மாதத்துக்குள்ளேயே சுமார் 32 லட்சம் வார்களைத் தடிமனான வார்களாக மாற்றித் தருவதாக நின்டெண்டோ அறிவிக்க வேண்டியிருந்தது.

பத்துக் கோடிக்கும் அதிகமான வீ பெட்டிகள் விற்றன. அமெரிக்க முதியோர் இல்லங்களில் வீ பவுலிங் போட்டிகள் நடந்தன. நிஜப் பவுலிங் பந்தைத் தூக்க முடியாத கைகள், நாற்காலியில் இருந்தபடியே கோப்பைக்காக வீசின. ரிமோட் ஜெயித்த போட்டிக்களம் அதுதான்.

தோற்ற களத்தையும் சொல்ல வேண்டும். 2008இல் வந்த மாரியோ கார்ட் வீ என்ற பந்தய ஆட்டத்தோடு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் ஸ்டீயரிங் வந்தது. அதற்குள் மின்சாதனம் ஏதும் கிடையாது. ரிமோட்டை நடுவில் செருகித் திருப்ப வேண்டியதுதான். அந்த ஆட்டத்தில் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டினால் வேகம் கூடும். ஆனால் தூக்கியிருக்கும்போது சரியாகத் திருப்ப முடியாது. ஆகவே நேர்ப்பாதையில் தூக்க வேண்டும், வளைவுக்கு முன் இறக்க வேண்டும், மறுபடி தூக்க வேண்டும். ஸ்டீயரிங் பிடித்தவர் ஒவ்வொரு முறையும் இரு கைகளையும் சேர்த்து வெடுக்கென்று மேலே உயர்த்த வேண்டும். வீக்கு முந்தைய பெட்டியான கேம்கியூப்பின் பழைய கன்ட்ரோலரைப் பிடித்தவருக்கு ஒரே அழுத்து. முன்னணி ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் 2001இல் பிறந்த அந்தப் பழையதையே பிடித்தார்கள். 2008இலேயே வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால் என்ற சண்டை ஆட்டத்தின் போட்டிகளிலும் அதே கதை.

காரணம் எளிது. பட்டன் அழுந்தினால் அழுந்தியதுதான். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கையசைவு அப்படியில்லை. இது வீச்சா, நடுக்கமா, வெறும் திருப்பமா என்று கருவி கணிக்க வேண்டும். கணிக்க அசைவு கொஞ்சமாவது நடந்து முடிய வேண்டும். நொடிக்கு 60 பிம்பம் ஓடும் ஆட்டத்தில் அந்தத் தாமதமே தோல்வி. சுழற்சியைத் துல்லியமாக அளக்கும் மோஷன்பிளஸ் துணைக்கருவி 2009இல்தான் வந்தது. அதற்குள் வீட்டு ஆட்டக்காரர்களும் ஒரு குறுக்குவழி கண்டிருந்தார்கள்: எழுந்து நின்று மட்டை வீச வேண்டாம், சோபாவில் சாய்ந்து மணிக்கட்டைச் சுண்டினால் போதும். போட்டி என்று வந்துவிட்டால் மனிதன் தேவையற்ற அசைவை எல்லாம் செதுக்கித் தள்ளிவிடுவான். கடைசியில் மிஞ்சுவது ஒரு விரல். உடம்பு முழுவதையும் ஆட்டத்துக்கு அழைத்த கருவி அந்த உளிக்குத் தப்ப வழியில்லை.

வாரிசு உண்டு. 2015இல் வந்த ஸ்பிளட்டூன் ஆட்டத்தில் கன்ட்ரோலரையே சாய்த்துக் குறி பார்க்கிறார்கள். கட்டைவிரலால் தள்ளுவதைவிட அது நுணுக்கமானது என்பதால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் அதையே விரும்புகிறார்கள். ஆனால் அந்த அசைவு இரண்டு அங்குலம்கூட இல்லை. அதைச் செய்ய இரண்டு கட்டைவிரல் குச்சிகளும் ஒரு டஜன் பட்டன்களும் பழகியிருக்க வேண்டும். அசைவு பிழைத்துக்கொண்டது; பாட்டிக்காகத் திறந்த கதவு மூடிக்கொண்டது. என் துக்கம் அதற்குத்தான். இவாடா 2015 ஜூலை 11 அன்று காலமானார். அந்தக் கதவை அத்தனை அகலமாக அதன்பின் யாரும் திறக்கவில்லை.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஒரு வெள்ளை ரிமோட் அலமாரியில் கிடந்தால், பழைய பேட்டரியை இன்றே கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளே அரித்துவிடும். அடுத்த விடுமுறைக்குப் புது பேட்டரி போட்டு, வீட்டிலேயே வயதானவர் கையில் முதலில் கொடுங்கள். வாரை மணிக்கட்டில் மாட்டிவிட மறக்காதீர்கள்.