எஞ்சின் பாகங்களைத் துலக்குதல்

பிரித்த கார் எஞ்சினின் உலோகப் பாகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, கரி, துரு, உரிந்த பெயிண்ட் ஆகியவற்றை நீக்கி, மறுபடி துரு ஏறாதபடி மேற்பூச்சு கொடுக்கும் வேலை. பட்டறைக்கு அனுப்பாமல் காருக்குரியவரே வீட்டுக் கொல்லையில் செய்யும் முறை மட்டும் இங்கே விளக்கப்படுகிறது. இந்தியாவில் அம்பாசடர், பின்னாளில் பிரீமியர் பத்மினி எனப் பெயர் மாறிய ஃபியட் 1100, சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளைக் காப்பாற்றி வருபவர்களிடம் இந்தக் கைவேலை தங்கியிருக்கிறது.

வரலாறு

துலக்கும் முறைகளில் பழையது அமிலம். பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டு விளக்குவது இதே வேலைதான். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைத்துவிட்டு, அடியிலுள்ள உலோகத்தைப் பெரும்பாலும் தொடாமல் விடுகிறது. ரேடியேட்டரின் பித்தளைத் தொட்டிக்குப் புளிக்கரைசல் இன்றும் போதும். நன்றாகக் கழுவி உடனே உலர்த்த வேண்டும், அவ்வளவே.

மற்ற முறைகளில் பல 19-ஆம் நூற்றாண்டுத் தொழிற்சாலைகளிலிருந்து வந்தவை. இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கித் துருவிலிருந்து காக்கும் முறைக்கு 1837-இல் பிரெஞ்சுக்காரர் சோரெல் காப்புரிமை பெற்றார். 1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் பூசுவதைத் தொழிலாக நிலைநிறுத்தினர். வேகமாக மணலை வீசி உலோகத்தைச் சுரண்டும் முறைக்கு 1870-இல் அமெரிக்கரான பெஞ்சமின் டில்மன் காப்புரிமை பெற்றார். இன்று எந்த ஊர்ப் பட்டறையிலும் காதில் விழும் 'பிளாஸ்டிங்' முறைக்கு மூலம் அவர்தான்.

எஞ்சின்காரர்களுக்கு இவற்றைவிட முக்கியமானவர் தாமஸ் காஸ்லெட். 1906-இல் பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் இரும்பைக் கொதிக்கவைத்து, மேலே கருஞ்சாம்பல் நிறத்தில் பாஸ்பேட் படலம் உண்டாக்கும் முறைக்கு இவர் காப்புரிமை பெற்றார். அதன் அமெரிக்க உரிமையை வாங்கிய கிளார்க் பார்க்கர் 1915-இல் தொடங்கிய நிறுவனத்தின் வழியாக அது உலகெங்கும் பரவியது. இந்தப் படலம் தனியாகத் துருவைத் தடுப்பது கொஞ்சந்தான். ஆனால் நுண்ணிய துளைகளில் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதிய கேம் ஷாஃப்ட் பலவற்றில் காணும் மங்கிய கருமை இதுவே. அழுக்கென்று நினைத்து அதை எமரித்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குபவர், எஞ்சின் முதன்முதல் ஓடும்போது கிடைக்க வேண்டிய பாதுகாப்பைத் தம் கையாலேயே அழிக்கிறார். ஹார்டுவேர் கடையில் 'துரு மாற்றி' என்று விற்கும் திரவங்களில் பலவற்றின் உள்ளிருப்பதும் காஸ்லெட் பயன்படுத்திய அதே அமிலம்.

அலுமினியத்துக்கு 1923-ஆம் ஆண்டு முக்கியம். கடல் விமானப் பாகங்களை உப்புநீர் அரிக்காமல் காக்க, மின்சாரத்தால் ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கும் ஆனோடைசிங் முறை பிரிட்டனில் அந்த ஆண்டுதான் தொழிலளவில் புழக்கத்துக்கு வந்தது.

உலோகத்தை அறிதல்

எதைக் கொண்டு துலக்குவது என்பதைப் பாகத்தின் அழுக்கு தீர்மானிப்பதில்லை, அதன் உலோகம் தீர்மானிக்கிறது. காந்தம் ஒட்டினால் இரும்பு அல்லது எஃகு. ஒட்டாமல், கையில் எடுத்தால் கனமும் இல்லையென்றால் பெரும்பாலும் அலுமினியம். பழைய 1489 சிசி அம்பாசடர் எஞ்சினின் ஹெட் வார்ப்பிரும்பு. ஃபியட் 1100 எஞ்சினின் ஹெட் அலுமினியம். ஒன்றுக்குப் பழகிய கை மற்றதைக் கெடுப்பது இங்கேதான்.

காஸ்டிக் சோடா போட்ட வெந்நீர், வார்ப்பிரும்பில் பல ஆண்டுகளாக இறுகிய பிசுக்கையும் பெயிண்டையும் தோல் உரிப்பதுபோல் எடுத்துவிடும். அலுமினியத்துக்கு அது கூடாது. அதே நீரில் ஒரு சிறு அலுமினியத் துண்டைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். முதலில் ஓரங்களில் ஊசிமுனைக் குமிழ்கள். சில நிமிடங்களில் அடுப்பில்லாமலே நீர் கொதிப்பதுபோல் பொங்குகிறது. துண்டு கறுத்து, நீர் சாம்பல் நிறமாகிறது. பொங்கி வருவது தீப்பற்றும் ஹைட்ரஜன். கரைந்து போவது உலோகம். ஹெட்டின் சமதளம் இப்படி அரித்துப்போனால் எந்த கேஸ்கெட்டும் அதை அடைக்காது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலவை. அமிலத்துக்கு அது ஈடுகொடுக்காது, அதன் தூளோ தீப்பிடித்து எரியும்.

துலக்கும் முறை

முதல் கழுவலுக்கு மண்ணெண்ணெயும் தூரிகையுமே வழக்கம். ரேஷன் மண்ணெண்ணெய் அருகிய பிறகு பலர் டீசலுக்கு மாறிவிட்டனர். பெட்ரோலில் கழுவவே கூடாது. அதன் ஆவி குளிரிலும் தீப்பற்றும்.

பிஸ்டன் தலையிலும் வால்வுகளிலும் படிந்த கரியை உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ் கொண்டு தேய்ப்பது ஆபத்து. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல்தான் முற்றிலும் நின்றது. அதற்கு முன் ஓடிய எஞ்சினின் கரியில் ஈயம் இருக்கும். பழைய கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடும். இரண்டையும் ஈரமாக்கியே சுரண்ட வேண்டும்.

இரும்பின் துருவுக்குச் சிறந்தது மின்பகுப்பு முறை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் நீர், அதில் ஐந்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு சலவைச் சோடா, பக்கத்தில் 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்துக்கு எதிர்முனை, கழித்துப்போட்ட இரும்புத் தகட்டுக்கு நேர்முனை. இரண்டும் நீருக்குள் ஒன்றையொன்று தொடக் கூடாது. முனையை மாற்றிக் கொடுத்தால் பாகம்தான் கரையும். சார்ஜரைப் போட்டதும் பாகத்தைச் சுற்றிப் பால்நுரைபோல் குமிழ்கள் எழும். மறுநாள் காலையில் நீர் செந்நிறமாகி, சிவந்த துரு இருந்த இடத்தில் கையால் துடைத்தாலே போகிற கருமசி நிற்கும். நல்ல இரும்பு ஒரு துளியும் குறைவதில்லை. தகட்டுக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகைப் போடுவோர் உண்டு. அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் இறங்குவதால் அது தவறு. குமிழ் ஹைட்ரஜன் என்பதால் வேலை வெட்டவெளியில் நடக்க வேண்டும். வால்வு ஸ்பிரிங், உயர்வலு போல்ட் ஆகியவற்றை இம்முறைக்கும் அமிலத்துக்கும் உட்படுத்தக் கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகு முறிந்துபோகும்.

கண்ணாடி மணி பிளாஸ்டிங் அலுமினியத்துக்கு அழகிய மங்கல் நிறம் தரும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் ஓடும் வழிகளுள்ள பாகங்களுக்கு அது ஏற்றதன்று. எத்தனை முறை கழுவினாலும் ஏதோ ஒரு துளையில் மணிகள் தங்கி, பின்னர் எண்ணெயோடு கிளம்பிப் பேரிங்கைத் தின்னும். கேஸ்கெட் தளத்தைச் சுழலும் நார்த்தட்டால் சுத்தம் செய்வதும் இவ்வாறே; அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகளைப் பற்றி ஜெனரல் மோட்டார்ஸ் தன் மெக்கானிக்குகளுக்கு எச்சரிக்கைச் சுற்றறிக்கையே அனுப்பியது.

மேற்பூச்சு

துருநீங்கிய இரும்பு சில மணி நேரத்திலேயே மறுபடி செந்நிறம் காட்டத் தொடங்கும்; சென்னைக் கடற்காற்றில் இன்னும் விரைவாக. ஆகவே உலர்த்திய கையோடு பிரைமர், அல்லது எண்ணெய். பிளாக்குக்குச் சாதாரண எஞ்சின் எனாமல் போதும். புகைபோக்கி மேனிஃபோல்டின் சூட்டில் அது கருகி உதிர்ந்துவிடும் என்பதால் அங்கே சிலிகோன் பிசின் பெயிண்ட் தேவை; படிப்படியாகச் சூடேற்றினால்தான் அது இறுகும். கேஸ்கெட் தளத்திலும் மரையிலும் பெயிண்ட் படக் கூடாது.

வார்ப்பு அலுமினியத்தைக் கண்ணாடிபோல் பாலிஷ் செய்வது அதன் இயல்புக்கு மாறானது. அச்சிலிருந்து வந்த சொரசொரப்பே அதன் அசல் முகம், அதைக் காப்பதே சரியான துலக்கல். எஸ்.யூ. கார்புரேட்டரின் மேல்மூடி வெளியே பளபளக்கலாம். உட்புறமும் அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் எமரித்தாளைக் காணவே கூடாது, ஏனெனில் அவற்றிடையே உள்ள மயிரிழை இடைவெளி குலைந்தால் கலவையும் குலையும்.

துலக்குவதற்கு அல்ட்ராசோனிக் தொட்டி, நீரோடு கலந்த பிளாஸ்டிங், லேசர் ஆகியவையும் இப்போது பழக்கத்தில் உள்ளன.