ஒளியைச் சேர்த்துவைத்த தகடு

மார்கழி இரவில் எழும் ஓரியன் விண்மீன் கூட்டத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன் இடைக்கச்சையாகிய மூன்று மீன்களின் அருகே மங்கலான ஒளித்திட்டு ஒன்றுண்டு. அதுவே ஓரியன் நெபுலா. உள்ளிருக்கும் இளம் விண்மீன்களின் புற ஊதாக் கதிர்களால் ஒளிரும் வாயு மேகம்.

தொலைநோக்கியில் அதைக் கண்டவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கையால்தான் வரைந்தார்கள். ஒருவர் படம் மற்றவர் படத்தோடு பொருந்தவில்லை. மாறியது மேகமா, வரைந்த கையா? தீர்ப்புக் கூற எவராலும் இயலவில்லை.

1880 செப்டம்பர் 30இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர், ஹட்சன் ஆற்றங்கரையிலிருந்த தம் வானாய்வகத்தில், 11 அங்குலத் தொலைநோக்கியில் உலர்தகடு ஒன்றைப் பொருத்தி, 51 நிமிடம் ஒளி படியவிட்டார். முன்பு வழங்கிய ஈரத்தகடு சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடும். இவ்வேலைக்கு அது உதவாது. பூமி சுழல்வதால் வானம் நகர்ந்துகொண்டேயிருக்கும். அந்நகர்வைக் கடிகாரப் பொறியால் தொலைநோக்கி இம்மியும் பிசகாமல் பின்தொடர வேண்டும். அவ்வாறு கிடைத்ததே நெபுலாவின் முதற் புகைப்படம். 1882 மார்ச்சில் அவர் 137 நிமிடம் வரை சென்றார். அவ்வாண்டு நவம்பரிலேயே, 45ஆம் வயதில், மறைந்தார்.

1883இல் லண்டனை அடுத்த ஈலிங்கில் ஆண்ட்ரூ காமன், தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுவிய 36 அங்குல ஆடித் தொலைநோக்கியால் அதே நெபுலாவைப் படமெடுத்தார். தொழிலால் அவர் சுகாதாரப் பொறியாளர்! கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்களும் அத்தகட்டில் பதிந்திருந்தன. கண் கணப்பொழுதின் ஒளியையே அறியும்; தகடோ வந்ததையெல்லாம் சேர்த்துவைக்கும்.

1884இல் அரச வானியற் கழகம் காமனுக்குப் பொற்பதக்கம் அளித்தது. என்னைக் கேட்டிருந்தால், டிரேப்பரின் மங்கிய முதல் தகட்டையும் அப்பதக்கத்தின் அருகே வைக்கச் சொல்லியிருப்பேன்.