வரியைத் தவிர்ப்பதும் வரியை ஏய்ப்பதும்: மக்கள் எங்கே கோடு போடுகிறார்கள்?

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில், மானாவாரி நிலங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் பனவடலிசத்திரம். இங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் சரி, துபாயில் இருக்கும் மகனிடம் போனில் பேசினாலும் சரி, வரி பற்றிய பேச்சு வந்தால் வரும் வாக்கியம் ஒன்றுதான்: "பெரிய ஆளுங்க எல்லாம் கட்டாம தப்பிச்சிடுறாங்க, நம்மகிட்ட மட்டும் பிடுங்குறாங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. வருமானத்தை மறைப்பது, பொய்க் கணக்கு காட்டுவது வரி ஏய்ப்பு. அது குற்றம். சட்டமே ஒரு நோக்கத்துக்காகத் தரும் சலுகையைப் பயன்படுத்துவது வரித் திட்டமிடல். அதில் தவறில்லை. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது. சட்டத்தின் எழுத்தை மீறாமல், அதன் நோக்கத்தைச் சுற்றிக்கொண்டு போவது. வரித் தவிர்ப்பு என்று வாதம் எழுவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். நீதிமன்றங்களே இதில் ஒரே குரலில் பேசியதில்லை. மக்களும் அப்படித்தான். யார் செய்கிறார் என்பதைப் பார்த்தே பெரும்பாலும் தீர்ப்பு சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2021-இல் நடந்த ரோல்ஸ் ராய்ஸ் வழக்குகள். நடிகர் விஜய் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்த காருக்கு தமிழக அரசு நுழைவு வரி கேட்டது. அவர் 2012-இல் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார். 2021 ஜூலையில் தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்து, ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தார். திரையில் நாயகர்களாக இருப்பவர்கள் வரி கட்டுவதிலும் நாயகர்களாக இருக்க வேண்டும் என்ற பொருளில் கடுமையாகவும் எழுதினார். அடுத்த மாதம் நடிகர் தனுஷின் இதே போன்ற மனு வந்தபோது, பால்காரரும் தினக்கூலியும் பெட்ரோலுக்கு வரி கட்டுகிறார்கள், அவர்கள் யாரும் விலக்குக் கேட்டு நீதிமன்றம் வருவதில்லையே என்று அதே நீதிபதி கேட்டார்.

சமூக வலைத்தளங்கள் இரண்டு பட்டன. கோடிக்கணக்கில் கார் வாங்குகிறவருக்கு வரி கட்ட மனமில்லையா என்றது ஒரு பக்கம். நீதிமன்றத்தில் வாதாடுவது குடிமகனின் உரிமை, அதற்கு எதற்கு வசவு என்றது மறுபக்கம். பலரும் கவனிக்காமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. இறக்குமதிப் பொருளுக்கு மாநிலம் நுழைவு வரி போட முடியாது என்ற கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அப்போது இருந்தது. ஆகவே 2012-இல் அந்த மனு அடிப்படையே இல்லாததல்ல. உச்ச நீதிமன்றம் 2017-இல்தான் மாநிலங்களுக்கு அந்த உரிமை உண்டு என்று முடித்து வைத்தது. விஜய் மேல்முறையீடு செய்தது வரியை எதிர்த்து அல்ல, தன்னைப் பற்றிய விமர்சனங்களை எதிர்த்து. 2022 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த விமர்சனங்களை நீக்கியது.

சட்டப்படி அமர்வு சொன்னது சரி என்றே நாம் நினைக்கிறோம். ஆனாலும் மக்கள் மனதில் நின்றது பால்காரர் பற்றிய கேள்விதான். அதற்குக் காரணம் இருக்கிறது. வருமான வரியைத் திட்டமிட்டுக் குறைக்கலாம். ஆனால் பெட்ரோலுக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் போட்ட வரியைத் தவிர்க்க எந்த ஆடிட்டராலும் வழி காட்ட முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதுவரை அந்த 18-ஐ மானாவாரி விவசாயியும் கோடீஸ்வரரும் ஒரே அளவில்தான் கட்டினார்கள். வருமான வரி வரம்புக்குள் வராத ஏழை வரியே கட்டுவதில்லை என்று சிலர் பேசுவது இதனால்தான் எரிச்சலூட்டுகிறது.

கம்பெனிகள் விஷயம் இன்னும் சிக்கலானது. காக்னிசண்டின் இந்திய நிறுவனம் 2016 மே மாதம், அமெரிக்காவிலும் மொரீஷியஸிலும் உள்ள தன் குழும நிறுவனங்களிடம் இருந்த பங்குகளை ஏறத்தாழ 19,000 கோடி ரூபாய்க்குத் திரும்ப வாங்கியது. சேர்ந்திருந்த லாபத்தை ஈவுத்தொகையாகக் கொடுத்திருந்தால் அதற்கு விநியோக வரி கட்டியிருக்க வேண்டும். பங்குகளைத் திரும்ப வாங்குவதற்கும் தனி வரி இருந்தது. ஆனால் அப்போதைய சட்டத்தின் வாசகம் ஒரு குறிப்பிட்ட வழியில் வாங்கினால் மட்டும் பொருந்துவதாக இருந்தது. நிறுவனம் உயர்நீதிமன்ற ஒப்புதலுடன் வேறு வழியில் வாங்கியது. எல்லா வழிகளையும் உள்ளடக்கும் திருத்தம் 2016 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இடைவெளி ஒரு மாதம்கூட இல்லை.

வருமான வரித் துறை 2018 மார்ச்சில் நிறுவனத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. 2023 செப்டம்பரில் சென்னை வருமான வரித் தீர்ப்பாயம், இது வரியைத் தவிர்க்கப் போட்ட வேடம் என்ற துறையின் வாதத்தை ஏற்றது. சட்டப்படியே நடந்தோம், நீதிமன்ற ஒப்புதலும் இருந்தது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து அது உயர்நீதிமன்றம் சென்றது.

கணக்குகள் முடக்கப்பட்ட நாளில் நம் வீடுகளில் எழுந்த கேள்வி வரி பற்றியது அல்ல. "நம்ம பையன் வேலைக்கு ஆபத்து வருமா?" என்பதுதான். அந்தப் பயத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை வரி வழக்கில் சிக்கியதால், 2014-இல் நோக்கியா தன் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றபோது அந்த ஆலையை மட்டும் சேர்த்துக் கொடுக்க முடியவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் பெண் பிள்ளைகள், வேலையிழந்தார்கள். வழக்கோ 2018-இல் இந்தியாவும் பின்லாந்தும் பேசி சமரசமாக முடிந்தது. வேலை போனது போனதுதான். ஆகவே பெரிய கம்பெனியின் வரித் தவிர்ப்பைத் திட்டுகிற அதே வாய், துறை அதன் மீது கை வைத்தால் பதறுகிறது. இதை இரட்டை வேடம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்தில் மக்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். 2012-இல் ஸ்டார்பக்ஸ் காபி நிறுவனம் அங்கே பல ஆண்டுகளாக நிறுவன வரி ஏறக்குறைய கட்டவே இல்லை என்ற செய்தி வந்தது. சட்டத்தை மீறியதாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர்கள் கோபப்பட்டு கடை வாசலில் போராடினார்கள். இரண்டு ஆண்டுகளில் 2 கோடி பவுண்டு கட்டுவதாக நிறுவனம் தானாகவே அறிவித்தது. கோர்ட் தீர்ப்பால் அல்ல, வாடிக்கையாளர் முகம் சுளித்ததால் வந்த வரி அது.

நம் நாட்டில் 1985-இல் மெக்டவல் மதுபான நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம், போலி ஏற்பாடுகளை வரித் திட்டமிடல் என்று ஏற்க முடியாது என்றது. 2012-இல் வோடஃபோன் வழக்கில் அதே நீதிமன்றம், கேமன் தீவில் நடந்த பங்குக் கைமாற்றத்துக்கு இங்கே வரி இல்லை என்றது. அரசு முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் அந்தத் திருத்தத்தைத் தானே திரும்பப் பெற்றது. வரியைத் தவிர்ப்பதே முக்கிய நோக்கமாக உள்ள ஏற்பாடுகளைத் துறை ஒதுக்கித் தள்ள இடம் தரும் பொது விதி 2017 ஏப்ரல் முதல் இருக்கிறது. வரிப் பயன் 3 கோடிக்கு மேல் போனால்தான் அது பாயும்.

எழுத்தா, நோக்கமா என்ற இந்த வழக்கு நம் மார்க்க நூல்களுக்குப் புதிதல்ல. இமாம் புகாரீ அவர்கள் தம் தொகுப்பில் ஹீலா எனும் தந்திரங்களுக்கென்றே தனிப் பாடம் வைத்திருக்கிறார்கள். ஜகாத்துக்குப் பயந்து பிரிந்திருப்பதைச் சேர்க்கவோ, சேர்ந்திருப்பதைப் பிரிக்கவோ கூடாது என்ற தடை அதில் இடம்பெறுகிறது. ஆட்டுக் கிடை போடும் நம் பகுதிக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். 40 ஆட்டிலிருந்து 120 ஆடு வரை ஜகாத் ஒரு ஆடு. மூன்று பேரிடம் தனித்தனியாக 40 இருந்தால் மூன்று ஆடு கொடுக்க வேண்டும். வசூலிப்பவர் வரும் நேரத்தில் மூன்றையும் ஒரே மந்தையாக்கிக் காட்டினால் ஒன்றோடு முடிந்துவிடும். கணக்கில் பொய் இல்லை, 120 ஆடும் கண்ணெதிரே நிற்கிறது. ஆனாலும் கூடாது என்றே சொல்லப்பட்டது.

ஆண்டு நிறைவதற்குச் சற்று முன் சொத்தை மனைவி பெயருக்கு மாற்றி ஜகாத்திலிருந்து தப்பினால் என்ன என்பதில் மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. மாலிக், அஹ்மத் இமாம்கள் வழியில் கடமை நீங்காது. ஹனஃபி, ஷாஃபிஈ வழியில் சட்டப்படி நீங்கினாலும் தப்பிக்கும் நோக்கம் வெறுக்கத்தக்கது என்று எழுதியிருக்கிறார்கள். அரசு வரியையும் ஜகாத்தையும் ஒன்றாக்க நாம் இதைச் சொல்லவில்லை. இரண்டும் வேறு. கேள்வியின் வடிவம் ஒன்று என்பதற்காகவே சொல்கிறோம்.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஆடு சேர்த்த கதைக்கு நேர் எதிரானது நம் கடைவீதிகளில் நடக்கிறது. பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதனால் ஒரே கடை, ஒரே கல்லா, ஆனால் பில் மட்டும் தம்பி பெயரிலும் மனைவி பெயரிலும் போகும். உண்மையிலேயே தனித்தனி வியாபாரம் என்றால் குற்றமில்லை. பெயர் மட்டும் தனி என்றால் அதிகாரி எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுவார்.

மனைவி பெயரில் வங்கியில் போட்டால் வரி இல்லை என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. கணவன் அன்பளிப்பாகக் கொடுத்த பணத்திலிருந்து வரும் வட்டியோ வாடகையோ கணவனின் வருமானத்தோடுதான் சேரும். விவசாய வருமானத்துக்கு மத்திய வரி விலக்கு உண்டு. பனவடலிசத்திரம் விவசாயிக்கு அது நியாயமான சலுகை. ஆனால் நகரத்து வியாபாரி நான்கு ஏக்கர் தரிசை வாங்கிப் போட்டு, கடை லாபத்தை எள்ளு விற்ற காசு என்று எழுதுவதும் இதே விலக்கின் பெயரால்தான். முறையான சரிபார்ப்பு இல்லாமலே விலக்கு அனுமதிக்கப்படுவதை மத்திய தணிக்கைத் துறை 2019-ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டியது.

இந்துக் கூட்டுக் குடும்பம் என்ற பெயரில் தனி பான் அட்டையும் தனி வரி வரம்பும் பெறலாம். முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அது கிடையாது. இது நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் குறை. குறை உண்மைதான். ஆனால் நம் பக்கத்து வீட்டு இந்து விவசாயிக்கும் இதனால் பயன் ஒன்றுமில்லை. சொத்தும் ஆடிட்டரும் உள்ள குடும்பங்களுக்கே பயன்.

வளைகுடாவில் உழைப்பவர்கள் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை, ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால். 2020 பிப்ரவரி 1 பட்ஜெட்டில், எந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமகன் இங்கே வசிப்பவராகக் கருதப்படுவார் என்று வந்தபோது நம் வீடுகளில் தூக்கம் போனது. மறுநாளே, உழைக்கப் போனவர்களின் சம்பளத்தைக் குறிவைக்கவில்லை என்று விளக்கம் வந்தது. கடைசியில் அது, வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று நின்றது. அவர்களுக்கு 182 நாள் வரம்பும் சில நிலைகளில் 120 ஆகச் சுருங்கும். நாளை எண்ணி விமானம் ஏறுகிற பெரும் பணக்காரரைப் பிடிக்க வீசிய வலை அது.

மனை விஷயத்தில்தான் நாம் மிகவும் ஏமாறுகிறோம். தந்தை மகளுக்கு செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. விற்பனை என்றால் முத்திரைக்கு 7, பதிவுக்கு 2 சதவீதம். குடும்பத்துக்குள் முதல் வழியைத் தேர்ந்தெடுப்பது சட்டம் விரும்பும் காரியம். ஆனால் 30 லட்சத்துக்கு வாங்கி, பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பான 12 லட்சத்தை எழுதுவது தவிர்ப்பு அல்ல, ஏய்ப்பு. "ஊரே அப்படித்தான் எழுதுது" என்ற பதில் வரும். சாலைக்கு நிலம் எடுக்கும்போது, 2013 சட்டப்படி இழப்பீடு கணக்கிட அரசு பார்ப்பது வழிகாட்டி மதிப்பையும் சுற்றுவட்டாரப் பத்திரங்களில் எழுதிய விலையையும்தான். ஊரே குறைத்து எழுதிய விலை அன்று ஊருக்கே திரும்பி வரும். வாங்கியவர் இறந்துவிட்டால், ரொக்கமாகக் கைமாறிய 18 லட்சத்துக்கு வாரிசுகளிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. வீட்டை விற்க வேண்டிய நிலை வந்தால், வாங்கிய விலை 12 லட்சம் என்றே கொண்டு லாபம் கணக்கிடப்பட்டு, விற்றவர் காலத்து வரியும் அந்த விதவையின் தலையில் விழும்.

கடைசியாக, ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று சம்பளக்காரர்களிடம் கமிஷன் பேசும் ஏஜெண்டுகள். கொடுக்காத கட்சி நன்கொடை, இல்லாத வாடகை என்று எழுதி வாங்கித் தருவார்கள். 2025 ஜூலை 14 அன்று தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களில் 150 இடங்களில் இவர்களைக் குறிவைத்து சோதனை நடந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாங்களாகவே 1,045 கோடி ரூபாய் அளவிலான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றதாக அரசு தெரிவித்தது. ஏஜெண்ட் எழுதினாலும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையதே. அப்படிச் சிக்கியவர்கள், துறையின் நடவடிக்கை தொடங்கும் முன், திருத்திய கணக்கைத் தாக்கல் செய்ய 48 மாதம் வரை வழி இருக்கிறது. கூடுதலாகக் கட்ட வேண்டியது முதல் ஆண்டில் 25 சதவீதம், பிறகு 50, 60, 70 என்று ஏறிக்கொண்டே போகும்.